ஆத்திசூடியும் இளஞ்சிறார் ஒழுக்கமும்: ஒரு திறனாய்வு

தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டு வகுப்பில் சேரும் குழந்தை, எழுத்துகளை முற்றக் கற்று முடிப்பதற்கு முன்பே ஆத்திசூடியைச் செவிவழிக் கற்கத் தொடங்கிவிடுகிறது. எழுத்தறிவும் அறவுணர்வும் ஒருங்கே தோன்ற வேண்டும் என்பது நம் முன்னோர் கொண்ட முடிபு. அம்முடிபுக்கு நூல்வடிவம் தந்தவர் ஔவையார். சங்க காலத்து ஔவையாரின் வேறானவர் என்றும் சோழர் காலத்தவர் என்றும் அறிஞர் கருதும் இப்புலவர், ஆத்திசூடியை 109 அடிகளாகவும் கொன்றை வேந்தனை 91 அடிகளாகவும் எழுத்து வரிசையில் அமைத்தார். தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் பயிலப்பட்ட இந்நூல்கள் பின்னர் மலாயாவின் தோட்டப் பள்ளிகளிலும் இடம்பெற்றன. 2011-ஆம் ஆண்டில் மலேசியத் தொடக்கப்பள்ளிகளில் அறிமுகமான கலைத்திட்டத்திலும் ‘செய்யுளும் மொழியணியும்’ என்னும் பகுதியில் இவை தொடர்ந்தன.

இத்துணை நெடுங்காலம் நம் குழந்தைகளின் நாவில் வாழ்ந்த நூலைப் பற்றி ஒரு வினா எழுப்புதல் தகும். ஆத்திசூடியை மனனம் செய்த குழந்தை அதனால் நற்பண்பு பெறுகிறதா? பெறவில்லையெனின், குறை நூலினுடையதா, அதனைக் கற்பிக்கும் முறையினுடையதா? நூலைப் போற்றுவோர் முதல் வினாவைக் கேட்பதில்லை. நூல் பழையது என்று ஒதுக்குவோர் இரண்டாம் வினாவைக் கேட்பதில்லை. இரண்டையும் சேர்த்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூலின் அமைப்பு

ஆத்திசூடியின் முதற்பகுதியாகிய 13 அடிகளும் உயிரெழுத்துகளையும் ஆய்தத்தையும் முதலாகக் கொண்டவை. அவற்றின் வினைமுடிபுகளை எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். எட்டு அடிகள் ‘செய்யாதே’ என்னும் எதிர்மறை ஏவல்கள். மூன்று அடிகள் ‘செய்’ என்னும் உடன்பாட்டு ஏவல்கள். எஞ்சிய இரண்டும் ஏவல்களே அல்ல. இன்னது இத்தன்மையது என்று கூறி நிற்பவை. சினத்தைப் பற்றிய இரண்டாம் அடி அத்தகையது. சினம் கொள்ளாதே என்று அது குழந்தையைத் தடுக்கவில்லை. சினம் என்பது தணிய வேண்டிய ஒன்று என்று அதன் இயல்பைச் சொல்லி அமைகிறது. சினம் எழுதல் இயற்கை என்பதையும், எழுந்தது அடங்க வேண்டும் என்பதையும் அவ்வடி ஒருங்கே ஏற்றுக்கொள்கிறது. குழந்தையுள்ளம் அறிந்த ஒருவரே இவ்வாறு எழுதியிருக்க முடியும்.

முதல் அடியின் வினைச்சொல்லும் கருதத்தக்கது. அறத்தைச் செய் என்று கூறுவது எளிது. ஔவையாரோ அதனைச் செய்வதில் விருப்பம் கொள்ளுமாறு கூறுகிறார். ஐந்தாறு வயதுக் குழந்தையால் செய்யக்கூடிய அறம் சிறிது. ஆயின் அதற்கு விருப்பம் தோன்றிவிட்டால் செயல் வளர்ந்துகொண்டே வரும். செயலுக்கு முன் விருப்பத்தை வைத்தது உளவியலை ஒட்டிய வரிசை.

எழுத்து வரிசை என்னும் கட்டுப்பாடு பொருளமைதியைச் சிதைத்துவிட்டது என்று சிலர் குறை கூறுவர். சினத்திற்கு அடுத்து ஈகை, ஈகைக்குச் சற்றுத் தள்ளி எண்ணும் எழுத்தும் என அறங்கள் தொடர்பின்றி நிற்பது உண்மையே. ஆயினும் அக்கட்டுப்பாடே சில அரிய சேர்க்கைகளையும் தந்திருக்கிறது. ஏகாரத்தில் தொடங்கும் அடி, பிறரிடம் கையேந்தி வாங்குவது இழிவு என்கிறது. அடுத்து ஐகாரத்தில் தொடங்கும் அடி, பிறர்க்கு இட்ட பின் உண்ணுமாறு பணிக்கிறது. வாங்க நாணுதலும் கொடுத்து மகிழ்தலும் அருகருகே நின்று, மானம் என்னும் ஒரே பண்பின் இருபுறங்களாக விளங்குகின்றன. இரண்டையும் இணைத்துக் கற்பிக்கும் ஆசிரியர், ஏழையை இகழும் எண்ணம் குழந்தையுள்ளத்தில் புகாதவாறு காக்கலாம். முதலடியை மட்டும் தனியே கற்பித்தாலோ, இலவச உணவு பெறும் வகுப்புத் தோழனைக் குழந்தை ஏளனமாக நோக்க இடமுண்டு.

‘பொருள் எழுதுக’

இவ்வளவு நுட்பம் பொருந்திய நூல் வகுப்பறையில் என்னவாகிறது என்பதைக் காண்போம். செய்யுள் அடி கரும்பலகையில் எழுதப்படுகிறது. அதன் கீழ் ஒரு வரியில் பொருள் எழுதப்படுகிறது. மாணவர் இரண்டையும் மனனம் செய்கின்றனர். தேர்வுத்தாளில் ‘பொருள் எழுதுக’ என்றோ, ‘சூழலுக்கு ஏற்ற செய்யுளைத் தெரிவு செய்க’ என்றோ வினா வருகிறது. விடை சரியாயின் அறம் கற்கப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது.

இதனைச் சொல்லும்போது மனனத்தையே பழித்தல் ஆகாது. திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதியும் வாய்விட்டு ஓதியும் கற்ற மாணவனுக்கு மனனமே நூலகமாக இருந்தது. ஐந்து வயதில் மனத்தில் பதிந்த அடி, பொருள் முற்ற விளங்காத நிலையிலும், இருபது வயதில் ஓர் இக்கட்டு நேரும்போது தானே எழுந்து வழிகாட்டக்கூடும். விதையை விதைத்தவுடன் கனியை எதிர்பார்ப்பார் இல்லை. ஆத்திசூடியின் அடிகள் மிகக் குறுகியனவாக அமைந்ததற்கும் இதுவே காரணம் எனலாம்.

தீங்கு மனனத்தால் விளைவதன்று. மனனம் செய்த அடிக்கு ஒரே பொருளை எழுதிப் பூட்டிவிடுவதால் விளைவது. ஙகரத்தில் அமைந்த அடியைச் சான்றாகக் காட்டலாம். ஙகரம் மொழிமுதலாக வருவது அரிது. ஆகலின் புலவர் அவ்வெழுத்தையே உவமையாக்கினார். ஙகரம் தான் ஒன்றே வழக்கில் பயன்பட்டு, பயன்படாத தன் வருக்க எழுத்துகளையும் தழுவி நிற்பது போலச் சுற்றத்தைத் தழுவி வாழ வேண்டும் என்பது ஓர் உரை. அதன் வடிவம் வளைந்திருப்பது போலப் பணிவுடன் வளைந்து நடக்க வேண்டும் என்பது மற்றோர் உரை. இரண்டும் பொருந்தும். ஒரு வகுப்பில் இவ்விரண்டையும் குழந்தைகள் முன் வைத்து, எது உனக்குப் பிடித்திருக்கிறது, ஏன் என்று கேட்டால், அறத்தைப் பற்றிய உரையாடல் தொடங்கிவிடும். விடைப்பட்டியலில் ஒன்றை மட்டும் சரி என்று குறித்தால் அவ்வுரையாடல் தொடங்கும் முன்பே முடிந்துவிடும்.

பண்புகளின் பட்டியல்

மொழிப்பாடத்தில் செய்யுளாக வரும் அறம், மற்றொரு பாடவேளையில் நன்னெறிக் கல்வியாக வருகிறது. 1970-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-இல் அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாரா, நன்னடத்தையையும் ஒழுக்கத்தையும் தன் ஐந்தாம் கோட்பாடாகக் கொண்டது. 1983-இல் தொடக்கப்பள்ளிகளுக்கு வந்த புதிய கலைத்திட்டம், இசுலாமியர் அல்லாத மாணவர்க்கு நன்னெறிக் கல்வியைத் தனிப்பாடமாக்கியது. அது 16 நற்பண்புகளை அடிப்படையாகக் கொண்டது. 2011-இல் தொடங்கிய கலைத்திட்டம் அவற்றை 14 ஆக வகுத்தது. இறை நம்பிக்கை, நன்மனம், கடமையுணர்வு, நன்றியுணர்வு, நேர்மை, ஒத்துழைப்பு, சகிப்புத்தன்மை முதலியன அவற்றுள் அடங்கும். நன்னெறிச் சிந்தனை, நன்னெறி உணர்வு, நன்னெறி நடத்தை என்னும் மூன்று கூறுகளும் சேர்ந்து வளர வேண்டும் என்பது அப்பாடத்தின் கொள்கை. கொள்கையில் குறை காண்பதற்கில்லை.

ஆயின் பட்டியல் ஒன்று கைக்கு வந்ததும், பட்டியலைக் கற்பிப்பதே பாடமாகிவிடுகிறது. இடைநிலைப்பள்ளியில் 36 பண்புகளின் வரையறைகளைச் சொல் மாறாமல் மனனம் செய்து எழுதும் நிலை ஒரு காலத்தில் இருந்ததும், அது பலராலும் குறைகூறப்பட்டதும் ஆசிரியர் அறிந்தவை. தொடக்கப்பள்ளியில் நன்னெறிக் கல்வி யூ.பி.எஸ்.ஆர். தேர்வுப் பாடமாக இருந்ததே இல்லை. அத்தேர்வும் 2021-இல் கைவிடப்பட்டது. அப்படியிருந்தும், படத்தைப் பார்த்துப் பண்பின் பெயரை எழுதும் பயிற்சி வகுப்பறையில் வேரூன்றியது. முதியவரைக் கைப்பிடித்துச் சாலை கடக்க உதவும் சிறுவனின் படத்திற்குக் கீழ் ‘நன்மனம்’ என்று எழுதுவதற்கு நன்மனம் தேவையில்லை. படிக்கத் தெரிந்தால் போதும்.

அறத்தைப் பற்றிய அறிவும் அறமும் வெவ்வேறு என்பதை மேனாட்டு ஆய்வுகளும் காட்டியுள்ளன. ஹக் ஹார்ட்ஸ்ஹோர்ன், மார்க் மே என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர் ஏறக்குறைய 11,000 சிறுவரை ஆராய்ந்து, 1928 முதல் 1930 வரை தம் முடிவுகளை வெளியிட்டனர். வீட்டிலும் வகுப்பிலும் விளையாட்டிலும் ஏமாற்றுவதற்கு வாய்ப்பளித்து, சிறுவர் என்ன செய்கின்றனர் என்று நோக்கினர். ஓரிடத்தில் நேர்மையாக நடந்த சிறுவன் மற்றோரிடத்தில் ஏமாற்றினான். நேர்மையைப் பற்றி நன்கு பேசத் தெரிந்தமை நேர்மையான நடத்தைக்கு உறுதி தரவில்லை. சுவிட்சர்லாந்தின் சான் பியாசே 1932-இல் வெளியிட்ட நூல் இதற்கு ஒரு விளக்கம் தந்தது. அவர் சிறுவர் கோலி விளையாடுவதைக் கூர்ந்து கவனித்தார். மிக இளையவர் விதியை மேலிருந்து வந்த மாறாக் கட்டளையாகக் கருதினர். சற்று வளர்ந்தவர், விதி என்பது நாம் கூடி ஒப்புக்கொண்ட ஒன்று, ஆகையால் அதனைக் காக்க வேண்டியவர் நாமே என்று உணரத் தலைப்பட்டனர். தோழருடன் கூடி விளையாடுவதும் பூசலிட்டு இணங்குவதும் அவ்வுணர்வை வளர்த்தன. ஒழுக்கம் பிறருடன் வாழ்ந்து பழகுவதால் வருவது என்னும் நம் வழக்கிற்கு இஃது அரண் செய்கிறது.

ஜொகூரின் சூழல்

பிறருடன் வாழ்ந்து பழகும் அச்சூழல் நம் குழந்தைகளுக்கு எவ்வாறு அமைந்திருக்கிறது என்பதை ஜொகூர் மாநிலத்தை வைத்து நோக்கலாம். சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய், கோத்தா திங்கி வட்டாரங்களின் தோட்டங்களில் ஒரு காலத்தில் தமிழர் வாழ்வு லயங்களில் நடந்தது. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று பால்மரம் வெட்டிய தாய்மார், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றனர். பல வீட்டுக் குழந்தைகள் அங்கு ஒரே கிழவியின் பார்வையில் வளர்ந்தன. சண்டையும் சமாதானமும் பகிர்ந்துண்ணலும் அங்கேயே பயிலப்பட்டன. அவ்வாழ்வைப் பொற்காலமாகப் புனைந்துரைக்க வேண்டியதில்லை. வறுமையும் கள்ளுக்கடையும் வசைமொழியும் அதே லயத்தில்தான் இருந்தன. குழந்தைகள் அவற்றையும் கற்றனர். ஆயினும் ஒரு குழந்தை தவறு செய்தால் தட்டிக்கேட்க அண்டை வீட்டு அத்தையோ தாத்தாவோ இருந்தனர்.

இரப்பர் குறைந்து செம்பனை பெருகியது. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. சில வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் நகர்ப்புறங்களுக்குக் குடிபெயர, தோட்டப் பள்ளிகள் பலவும் இடம்மாறின. ஜொகூர் பாருவைச் சுற்றி வாழும் பெற்றோருள் பலர் விடியுமுன்பே புறப்பட்டுப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். இருட்டிய பின் திரும்புகின்றனர். அன்று தோட்டத்துத் தாயும் விடியுமுன்தான் வீட்டைவிட்டுப் புறப்பட்டாள். வேறுபாடு, அவள் சென்ற பின் குழந்தையைச் சூழ்ந்திருந்த மனிதர் தொகையில் உள்ளது. அடுக்குமாடி வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியுடன் இருக்கும் குழந்தைக்குப் பங்கிட்டு உண்ணவும் விட்டுக்கொடுக்கவும் எதிரே ஒருவர் இல்லை. ஆகவே, வீடும் லயமும் செய்துவந்த பணியின் பெரும்பகுதி இன்று தமிழ்ப்பள்ளியின் மீது விழுந்திருக்கிறது. அப்பணியைப் பண்புப் பெயர்ப் பட்டியலால் நிறைவேற்ற இயலாது.

இச்சூழலில் நம் நீதிநூல்கள் பயன்படா என்று எண்ண வேண்டியதில்லை. உலகநாதர் இயற்றிய உலகநீதியில், துணி வெளுத்தவர், முடி திருத்தியவர், கல்வி கற்பித்த ஆசிரியர், மகப்பேறு பார்த்த மருத்துவச்சி, நோய் தீர்த்த மருத்துவர் ஆகிய ஐவரின் கூலியைக் கொடாமல் வைத்துக்கொள்ளலாகாது என்று ஒரு பாடல் கூறுகிறது. கூலியுழைப்பால் வாழ்ந்த நம் சமுதாயத்திற்கு இதனினும் நெருங்கிய அறம் உண்டோ? தன் பாட்டன் வெட்டிய பாலைத் தராசில் நிறுத்துக் கூலி கணக்கிட்ட வரலாற்றை அறிந்த குழந்தை, இப்பாடலை வெறும் செய்யுளாகக் கொள்ளாது. பள்ளியில் கழிவறையைத் தூய்மை செய்யும் அம்மாவையும் சிற்றுண்டிச்சாலையில் பணிபுரியும் அக்காவையும் அது வேறு கண்ணால் நோக்கும். பிறருடைய உழைப்பை மதித்தல் என்னும் பண்பை இதனின் தெளிவாகக் கற்பிக்கும் பாடல் ஒன்றைக் காண்டல் அரிது.

கொள்ளத்தக்கனவும் தள்ளத்தக்கனவும்

நூலைப் போற்றும்போது அதன் குறையை மறைத்தல் திறனாய்வு ஆகாது. பெண்ணின் சொல்லைக் கேட்டு நடவாதே என்னும் பொருள்பட ஆத்திசூடியில் ஓர் அடி உள்ளது. உரையாசிரியர் இதற்குப் பலவாறு அமைதி கூறுவர். அவ்வமைதிகள் ஆய்வறிஞர்க்குப் பயன்படலாம். நம் தமிழ்ப்பள்ளிகளில் ஆத்திசூடியைக் கற்பிப்போருள் பெரும்பாலோர் ஆசிரியைகள். அவ்வடியை ஓர் ஆசிரியையின் வாயிலாக ஒரு சிறுமிக்குக் கற்பிப்பதில் உள்ள முரண், எந்த உரையாலும் தீராது.

இதனைத் திருத்தத் துணிந்தவர் வெளியார் அல்லர். ஔவையாரின் வடிவத்தையே எடுத்தாண்ட பாரதியார். 110 அடிகள் கொண்ட அவருடைய புதிய ஆத்திசூடி, பெண்ணை உயர்வு செய்யுமாறு பணிக்கிறது. போர்முனையில் நில்லாதே என்று ஔவையார் கூறிய இடத்தில், நில் என்று அவர் கூறினார். ஔவையார் அறத்தின்பால் விருப்பத்தை விளைத்துத் தொடங்க, பாரதியார் அச்சத்தை அகற்றித் தொடங்கினார். அடிமைப்பட்ட நாட்டின் குழந்தைக்கு முதலில் வேண்டியது அச்சமின்மை என்பது அவர் கண்ட முடிபு. அவர்தம் நூலின் கடவுள் வாழ்த்து, சிவனையும் திருமாலையும் கூறுவதோடு நபிகளுக்கு மறை அருளியவனாகவும் ஏசுவின் தந்தையாகவும் உள்ள பரம்பொருள் ஒன்றே எனப் பாடுகிறது. பல சமயத்தார் கூடி வாழும் மலேசியாவில் இவ்வாழ்த்தின் பயன் விரித்துரைக்க வேண்டாதது. காலத்துக்கு ஏற்ப அறநூலைப் புதுக்குதல் மரபுக்கு மாறானது என்பாருக்குப் பாரதியாரும், அவரைப் பின்பற்றித் தாமும் ஓர் ஆத்திசூடி செய்த பாரதிதாசனாரும் விடையாவர். மரபு தன்னைத் தானே திருத்திக்கொண்டு வந்திருக்கிறது.

சிறுவர் கதைகளைத் தேர்வதிலும் இத்தகைய தெளிவு வேண்டும். தாண்டவராய முதலியார் 1826-இல் தமிழ் உரைநடையில் தந்த பஞ்சதந்திரம், நீதிக்கதை என்னும் பெயரால் குழந்தைகளுக்குச் சொல்லப்படுகிறது. ஆயின் அந்நூல் அரசகுமாரர்க்கு உலகியல் சூழ்ச்சிகளை உணர்த்த எழுந்தது. அதன் ‘நீதி’ அரசியல் நெறியே, அறநெறி அன்று. பகைவனை ஏமாற்றித் தப்பும் விலங்கு அறிவுடையதாகலாம். அது நேர்மைக்குச் சான்றாகாது. இவ்வேறுபாட்டை உணராமல் கதையின் இறுதியில் ஒரு நீதியை ஒட்டிவிடுதல் குழந்தையைக் குழப்பும். நம் நாட்டுச் சிறுவர் கதைகளிலும், பொய் சொன்ன சிறுவன் உடனே கால் இடறி விழுவதும், மெய் சொன்னவன் உடனே பரிசு பெறுவதும் வழக்கமாகிவிட்டன. வாழ்க்கை அவ்வாறு நிகழாததைக் குழந்தை விரைவில் கண்டுகொள்ளும். அன்று கதையின் மீது மட்டுமன்றி அறத்தின் மீதும் அதன் நம்பிக்கை தளரும். மெய் சொல்லித் துன்புற்ற சிறுவன், அத்துன்பத்திலும் தான் செய்தது சரியென உணர்வதாக எழுதும் எழுத்தாளரே குழந்தைக்கு உண்மையான துணையாவார்.

ஆசிரியர் செய்யத்தக்கது

மேற்கூறியவற்றால், ஆத்திசூடியில் நீக்கத்தக்க அடிகள் சில உள எனினும் பெருங்குறை நூலினுடையது அன்று என்பதும், அடியையும் செயலையும் பிரித்துவைத்த முறையினுடையது என்பதும் போதரும். பிரிந்தவற்றை மீண்டும் இணைப்பதற்குப் பெருந்திட்டம் வேண்டியதில்லை. இட்டு உண்ணச் சொல்லும் அடியை ஓய்வுநேரத்தில் சிற்றுண்டிச்சாலையில் கற்பிக்கலாம். தானியத்தைக் குறைத்து அளந்து விற்காதே என்னும் ஆய்த எழுத்தின் அடியைக் கணிதப் பாடத்தில் தராசுடன் கற்பிக்கலாம். பென்சிலுக்காக இருவர் சண்டையிட்ட அன்றே சினத்தைப் பற்றிய அடியை எடுத்துக்கொண்டால், அஃது அவ்விருவர்க்கும் வாழ்நாள் முழுதும் மறவாது. வாரத்திற்கு ஓர் அடி போதும். வார இறுதியில் ‘பொருள் எழுதுக’ என்று கேட்பதற்கு ஈடாக, ‘இதனை நீ எப்போது செய்தாய், செய்ய இயலாமற்போனது எப்போது’ என்று கேட்கலாம். இயலாமற்போனதைச் சொல்லும் குழந்தைக்கு மதிப்பெண் குறையக் கூடாது. குறைந்தால் நேர்மையைக் கற்பிக்கும் பாடத்திலேயே பொய் சொல்லப் பழக்கியவராவோம்.

இவை அனைத்திற்கும் மேலாக ஒன்றுண்டு. சினம் தணிய வேண்டும் என்னும் அடியைப் பிரம்பை ஓங்கியவாறு ஓதச்செய்யும் ஆசிரியரிடமிருந்து குழந்தை கற்பது அவ்வடியை அன்று, பிரம்பையே. வகுப்பறையில் குழந்தையின் கண்முன் ஒவ்வொரு நாளும் விரிந்திருக்கும் அறநூல் ஆசிரியரே ஆவார். அவர் பிள்ளைகளுக்குள் வேற்றுமை காட்டாது நடப்பதும், தாம் தவறியபோது அதனை ஒப்புக்கொள்வதும், பள்ளித் தொழிலாளரிடம் பேசும் மொழியும் ஆகிய அனைத்தையும் குழந்தை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறது. விடியுமுன் வேலைக்குச் சென்ற பெற்றோரின் குழந்தை, பகற்பொழுதின் பெரும்பகுதியை நம்மிடம் ஒப்படைத்திருக்கிறது. ஔவையார் அறத்தை அகரத்தோடு தொடங்கினார். அவர்தம் அடிகள் நம் நாவைக் கடந்து நம் நடையிலும் விளங்குமாறு செய்தல் தமிழாசிரியராகிய நம் கடனாகும்.